மைக்ரோஃபைபர் துணிக்கு இஸ்திரி போடக் கூடாது

ஜனவரி 19, ஞாயிறு

இன்று வண்டியைக் கீறிவிட்டேன்.

காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த தைரியத்தில் சாவியை எடுத்தேன். டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அங்கே பக்கத்து சீட்டில் ஒரு அக்கா இருந்து, நான் மிதிக்க மறந்த பிரேக்கை அவள் மிதிப்பாள். நம் வீட்டு வண்டியில் அந்த ஏற்பாடு இல்லை. ரிவர்ஸ் எடுத்தேன். கேட் தூண் வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் நின்றது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. இடப் பக்கப் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

வண்டி கறுப்பு. இந்தத் தூத்துக்குடியின் உப்புக்காற்றுக்கும் புழுதிக்கும் நடுவே கறுப்பு வண்டி வாங்கியவர் என் வீட்டுக்காரர். பெயர் ரெமிஜியுஸ், சரக்குக் கப்பலில் சீஃப் இன்ஜினியர். பாதி வருஷம் கடல், பாதி வருஷம் வீடு. கப்பலுக்குப் போகும்போது பிள்ளைக்குக் கொசுவலை கட்டுவதுபோல் வண்டிக்கு உறை போட்டுவிட்டு, "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் மட்டும் பண்ணு, நகட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓட்டப் பழகியதே அவருக்குத் தெரியாது. மார்ச்சில் வருவார்.

கோட்டை அழிக்கப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் நன்றாகத் தேய்த்தேன். எனக்கு ஐம்பத்து இரண்டு வயது, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

ஜனவரி 20, திங்கள்

நேற்றுவரை ஒரு கோடுதான் இருந்தது. இன்று வெயிலில் பார்த்தால் கோட்டைச் சுற்றி ஒரு ஊத்தப்பம் அளவுக்கு மங்கலாகியிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா வந்து பார்த்துவிட்டு, பற்பசை போட்டால் போய்விடும் என்றாள். எங்கோ படித்தாளாம். போட்டேன். வண்டியில் கிராம்பு வாசம் வருகிறது. கோடு போகவில்லை.

ஜனவரி 23, வியாழன்

வண்டி துடைப்பது எப்படி என்று போனில் தேடினேன். பாளையங்கோட்டையில் கார் டீடெய்லிங் கடை, அதாவது வண்டியைக் கழுவி மெருகேற்றும் கடை, வைத்திருக்கும் ஒரு பையன் தமிழில் வீடியோ போடுகிறான். நிதானமான பேச்சு. பச்சை நார் கூடாது, பற்பசை கூடாது, பழைய பனியன் துணி கூடாது என்கிறான். பனியன் துணியை மட்டும் நான் இன்னும் முயற்சி செய்யவில்லை.

அவன் யார் என்று எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே இதைப் படித்துச் சிரிப்பேன். நெவில். என் மகன்தான். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தேடும் இடத்தில் "நெ" என்று போட்டதுமே மீதியைப் போனே எழுதிவிட்டது.

மரைன் இன்ஜினியரிங் படித்தான். அவன் டாடி நாலு பேரிடம் சொல்லி ஒரு கப்பலில் ஏற்றிவிட்டார். ஒரே ஒரு பயணம் போய்விட்டு வந்து, இனிமேல் போக மாட்டேன் என்றான். "கப்பல் வேண்டாம்னா இந்த வீடும் வேண்டாம்" என்றார் இவர். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அந்த நேரத்தில் நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்த மீனை மறுபடியும் கழுவினேன்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தாலும் அவன் எடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி அனுப்புவான். ரெண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கதை எதற்கு, வண்டிக்கு வருகிறேன். மைக்ரோஃபைபர் துணி வாங்க வேண்டுமாம்.

ஜனவரி 27, திங்கள்

துணிகள் வந்துவிட்டன. மஞ்சளும் நீலமும். பூனைக்குட்டியின் வயிற்றைத் தொட்டதுபோல் இருக்கின்றன. புதுத் துணியைத் துவைக்காமல் பயன்படுத்தக் கூடாது என்று, குளிக்கிற துண்டுகளோடு சேர்த்து மெஷினில் போட்டேன். மென்மையான சாமான் ஆயிற்றே என்று துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவமும் இரண்டு மூடி ஊற்றினேன்.

வெளியே எடுத்தால் துண்டுகளின் பஞ்சு பூராவும் இவற்றில் ஒட்டியிருக்கிறது. வண்டியைத் துடைத்தேன். கறுப்பு வண்டிக்கு நரைத்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்தத் துணி எனக்குக் கோபம் உண்டாக்குகிறது. தண்ணீரை உறிஞ்சாமல் அங்கேயும் இங்கேயும் தள்ளிக்கொண்டே போகிறது. கசங்கியிருப்பதால்தானோ என்று இஸ்திரி போட்டேன்.

உருகிவிட்டது, பிளாஸ்டிக் இழைதானே. நீலத் துணி ஒன்று இஸ்திரிப் பெட்டியின் அடியில் அப்பளமாக ஒட்டிக்கொண்டது. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதை இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 5, புதன்

நெவிலின் வீடியோவுக்குக் கீழே கேள்வி கேட்கலாமாம். என் பெயரில் கேட்க முடியாது. ஹில்டா அக்காவின் போனை வாங்கி, "மைக்ரோஃபைபர் துணி தண்ணீர் உறிஞ்ச மாட்டேன் என்கிறது, என்ன செய்ய?" என்று எழுதினேன். அனுப்பின பிறகுதான் யோசித்தேன். ஹில்டா அக்காவிடம் சைக்கிள்கூடக் கிடையாது. அது நெவிலுக்கும் தெரியும், அவள் வீட்டில் முறுக்குத் தின்று வளர்ந்தவன்.

பிப்ரவரி 8, சனி

பதில் வந்துவிட்டது. புது வீடியோவின் நடுவில் சொல்கிறான்:

"தூத்துக்குடியிலேர்ந்து ஹில்டா ஆன்ட்டி கேட்டிருக்காங்க. ஆன்ட்டி, வாசனைத் திரவம் ஊத்தியிருப்பீங்க. அது துணியோட இழைய மூடிரும், அப்புறம் தண்ணி குடிக்காது. வெதுவெதுப்பான தண்ணியில, லேசான சோப்புல, தனியா துவைங்க. பருத்தித் துணியோட சேக்காதீங்க. நிழல்ல காயப்போடுங்க. கீழ விழுந்த துணிய அப்படியே எடுத்து வண்டியில வைக்காதீங்க, அதுல மண்ணு இருக்கும். அதுவும் கறுப்பு வண்டின்னா ஒவ்வொரு கோடும் தெரியும்."

கறுப்பு என்று நான் கேள்வியில் எழுதவே இல்லை. கீறல் தெரிகிற வண்டி என்றால் கறுப்பைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்வார்கள் போலிருக்கிறது.

துணிகளைத் தனியாகத் துவைத்தேன். சரியாகிவிட்டன. துணி விஷயம் முடிந்தது, இனி வீடியோ பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்து வீடியோ பார்த்தேன். ஒன்றில் டயருக்கு மெருகு போடுவது எப்படி என்று வந்தது. மெலிந்திருக்கிறான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இவர் கப்பலிலிருந்து வீடியோ காலில் வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்னால் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார், காட்டச் சொன்னார். உறையை எடுத்துவிட்டு வலப் பக்கத்தை முன்னாலும் பின்னாலும் நடந்து நடந்து காட்டினேன். நல்லா பளபளன்னு இருக்கே, யார் துடைக்கிறா என்றார். நான்தான் என்றேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சமையலுக்குக்கூட அந்த முகம் கிடைத்ததில்லை.

அந்தப் பக்கமும் காட்டு என்றார். சிக்னல் விட்டுவிட்டுப் போகிறது என்றேன். என் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓட்டிப் பழகினால்தான் கை வரும் என்று, திருநெல்வேலி ரோட்டில் பக்கத்தில் இருக்கும் சின்னப் புதுக்கோட்டை வரை போய் வந்தேன். நான் வழக்கமாகப் போகும் மீன் மார்க்கெட் எதிர்த்திசையில்தான் இருக்கிறது. ஆனால் இந்த ரோடு அகலம்.

பிப்ரவரி 20, வியாழன்

வாகைக்குளம் ஏர்போர்ட் வரை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே என்னைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டான். ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வல்லநாட்டு ஆற்றுப்பாலம் வரை. ஓரமாக நிறுத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் போனால் பாளையங்கோட்டை. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. திரும்பிவிட்டேன்.

மார்ச் 1, சனி

போனேன்.

கடைக்கு எதிர்த்தாற்போல், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை போட்ட சின்னக் கடை. அவனும் கூட்டாளி ஒருத்தனும். நெவில் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி ஒரு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் ஆல்ட்டரில் பூசை உதவிக்கு நிற்கும்போது இப்படித்தான் முழங்கால் போடுவான், ஒரு பக்கம் சாய்ந்து. துடைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். திருப்தி இல்லை, மறுபடி துடைத்தான்.

இறங்கலாம் என்று கதவைத் திறந்தேன். ஒரு காலை வெளியே வைத்தேன். பிறகு அந்தக் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வண்டிக் கூரை முழுக்கக் காக்கை எச்சம். மரத்தடியில் வண்டி நிறுத்தக் கூடாது என்று அவன் தனியாக ஒரு வீடியோவே போட்டிருக்கிறான்.

மார்ச் 4, செவ்வாய்

இவர் கூப்பிட்டார். சிங்கப்பூரில் இறங்கியாயிற்று, சனிக்கிழமை காலை சென்னை விமானத்தில் வாகைக்குளம் வந்துவிடுவாராம். டாக்ஸி பிடித்து வந்துகொள்கிறேன், நீ அலைய வேண்டாம் என்றார்.

கீறல் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். தவக்காலத்தில் எதையாவது விட வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதை விடலாமா என்று பார்க்கிறேன். ஹில்டா அக்கா டீயை விட்டிருக்கிறாள், அது சுலபம்.

மார்ச் 7, வெள்ளி

வண்டியை முறைப்படி கழுவினேன். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் மண்ணை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே. மஞ்சள் துணி உடம்புக்கு, நீலம் கண்ணாடிக்கு. ஒரு துணி கீழே விழுந்தது, எடுத்துத் தனியே போட்டேன். ஒரு தப்பும் செய்யவில்லை. அதனால் கீறல் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

மார்ச் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஏர்போர்ட் வாசலில் சாவியோடு நின்றேன். இவர் தலையில் தொப்பியோடு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், கறுத்துப் போயிருந்தார். வண்டியைப் பார்த்துவிட்டு டிரைவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். லைசென்ஸைக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், கப்பலில் வந்திறங்கிய ஸ்பேர் பார்ட்டைப் பார்ப்பதுபோல. பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். இடப் பக்கத்தில் நின்றுவிட்டார். விரலால் கீறலைத் தடவினார். ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மெயின் ரோட்டுக்கு வந்தோம். கிழக்கே போனால் வீடு. நான் மேற்கே போனேன்.

வீடு அந்தப் பக்கம் என்றார். தெரியும் என்றேன். எங்கே போகிறாய் என்றார். கீறலைச் சரிபண்ண என்றேன். அதற்குத் தூத்துக்குடியில் ஆளில்லையா என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வண்டியைத் திருப்பு தெக்லா."

"எனக்கு யூ டர்ன் இன்னும் சரியா வராதுங்க."

அது உண்மைதான். இந்த ரோட்டில் எப்போதும் இடம் அகலமாகக் கிடைத்தால்தான் திருப்புவேன்.

வல்லநாடு தாண்டியதும், நீயும் அவனும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கையை ஸ்டியரிங்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரோட்டைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது.

"பேசவே இல்லைங்க. அவன் என் போனையும் எடுக்கதில்ல. அன்னைக்கு நீங்க போன்னு சொன்னீங்க. நான் இருன்னு சொல்லல. நீங்க சொன்னதுக்கும் நான் சொல்லாததுக்கும் சேத்துத்தான் அவன் போனான். உங்களுக்குப் பாக்க வேண்டாம்னா நீங்க உள்ளயே இருங்க. எனக்கு எம் பிள்ளைய பாக்கணும்."

எனக்கு இவ்வளவு நீளமாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது கியரிலேயே பாளையங்கோட்டை வரை ஓட்டியிருக்கிறேன், அதைக்கூட அவர் சொல்லவில்லை.

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். நெவில் ஈரக் கையோடு வெளியே வந்தான். வண்டியை முதலில் பார்த்தான், அப்புறம் டிரைவர் சீட்டில் என்னை.

"மம்மி, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

நான் இறங்கினேன். அவன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பேண்ட்டில் துடைத்தான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு வழுக்கியது, விடவில்லை. டாடி உள்ளே இருக்கிறார், இறங்க மாட்டார்போல என்றேன். அவன் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். இவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெவில் நிமிர்ந்தான்.

"இருக்கட்டும். வண்டியக் கழுவித்தான் கீறலைப் பாக்கணும். கண்ணாடிய மட்டும் ஏத்திக்கச் சொல்லுங்க."

எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நெவில் நுரை பீய்ச்சும் குழாயை எடுத்தான். கூரை, முன்கண்ணாடி, கதவுகள் என்று பொங்கப் பொங்க வெள்ளை நுரை மூடியது. இவர் தோள் தெரிந்தது, பிறகு தொப்பி மட்டும், பிறகு ஒன்றுமே தெரியவில்லை. பெரிய பெரிய கப்பல் இன்ஜின்களை ஓட்டுகிறவர் நுரைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் புடவைத் தலைப்பில் துடைத்தேன். பருத்திப் புடவைதான்.

தண்ணீர் அடித்து நுரையை இறக்கினான். பிறகு மடித்த துணியோடு இடப் பக்கக் கண்ணாடிக்கு வந்தான். இவர் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தார். அவன் துடைக்கத் துடைக்க முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. கண்ணாடி சுத்தமான பிறகும் அவன் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் இப்போது முன்னால் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தை.

உள்ளேயிருந்து கண்ணாடியில் ஒரு தட்டு. இவர் விரல் மேல் மூலையைக் காட்டியது. நெவில் அங்கே துடைத்தான். மறுபடி தட்டினார், கீழ் ஓரம். துடைத்தான். பிறகு கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது.

"ரப்பர் ஓரத்துல சோப்பு நிக்கி. காஞ்சா வெள்ளையாத் தெரியும்."

"தெரியும் டாடி. அதைக் கடைசிலதான் எடுக்கணும்."

"ம்."

அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி மறுபடி ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து இறங்கி, எதற்கு இரண்டு வாளி என்று கேட்டார். நெவில் சொன்னான். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார், இன்ஜின் ரூமில் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி கடையையும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

கடைசியாக நெவில் கீறல் முன்னால் உட்கார்ந்தான். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். இதை யார் இப்படித் தேய்த்தது என்று கேட்டான். ஹில்டா அக்கா என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், சிரிப்பில் தோள் குலுங்கியது. பாலிஷுக்கு இது போகாது, அடிப் பெயின்ட் வரை போய்விட்டது, கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், புதன்கிழமை ஆகும் என்றான்.

இவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"புதன்கிழமை நான் வர மாட்டேன். நீயே வீட்டுக்குக் கொண்டாந்து விடு."

நெவில் கையில் துணியோடு நின்றான். சரி டாடி என்று சொன்னானா என்றுகூட எனக்குக் கேட்கவில்லை. அவன் தலை ஆடியதைப் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுத விட்டுப்போனது. பஸ்ஸில்தான் வந்தோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஆற்றுப்பாலம் வரும்போது கேட்டார்.

"அவன் ஏன் கப்பலை விட்டு வந்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நாம ரெண்டு பேருமே கேக்கல."

ஊர் வந்து இறங்கும்போது, புதன்கிழமை சீலா மீன் கிடைக்குமா என்று கேட்டார். கப்பல் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போய்விட்டதாம், அதனால்தானாம். சீலா நெவிலுக்குப் பிடிக்கும். இவருக்கு நெத்திலி. நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் வாயைத் திறக்க வேண்டும் என்பதில்லை.

மார்ச் 12, புதன்

வண்டி வந்துவிட்டது. நெவில் உள்ளே இருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் இவர் எதிரே உட்கார்ந்து அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான், மெதுவாக, இடையிடையே நிறுத்தி. இவர் குறுக்கே பேசாமல் கேட்கிறார். நானும் போய் உட்கார வேண்டும். இன்றைக்கு இவ்வளவு போதும்.